இலை யாருக்கு, விறகு யாருக்கு?

தேயிலையை மட்டும் நம்பி இனித் தோட்டத்தை ஓட்ட முடியாது, மாற்றுப் பயிர் வேண்டும் என்ற பேச்சு மலையகத்தில் பலமாகக் கேட்கிறது. அந்தப் பேச்சில் அடிபடும் பயிர்களில் ஒன்று, விறகுக்கும் தீவனத்துக்கும் உதவும் அவரையின மரங்கள். நாம் இதை எதிர்க்கவில்லை. வரவையும் செலவையும் முழுதாகக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இது நமது நாட்டுக்குப் புதிதல்ல. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகக் கிளிரிசிடியா அரசால் அறிவிக்கப்பட்டது. கட்டை கொதிகலனுக்கும் மின் உற்பத்திக்கும், இலை மாட்டுக்கும் பசளைக்கும் என்பதே அதன் கணக்கு.

உலகில் இப்போது இன்னொரு படி போயிருக்கிறார்கள். டென்மார்க்கில் குளோவர் கலந்த புல்லை ஆலையில் பிழிந்து, சாற்றிலிருந்து பன்றிக்கும் கோழிக்கும் புரதத் தீவனம் எடுக்கிறார்கள். சக்கை மாட்டுக்கு. மிஞ்சும் சாறு எரிவாயுவுக்கு. புரதம், சக்கை, சாறு மூன்றும் விலைபோனால்தான் அந்த ஆலை நிற்கும். ஒன்று விற்காவிட்டாலும் நட்டம்.

கொழுந்து பறிக்கும் நமக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், மற்றதெல்லாம் தண்ணீர். தீவன இலையும் அப்படித்தான். 100 கிலோ பச்சை இலையில் 75 முதல் 80 கிலோ வரை தண்ணீர். எஞ்சியதில் புரதம் ஏறக்குறைய 5 கிலோ. பிழியும்போது அதிலும் ஒரு பகுதிதான் கைக்கு வரும். வெட்டிய இலை கொழுந்தைப் போலவே சூடேறிக் கெட்டுவிடும். அன்றைக்கே ஆலைக்குப் போகவேண்டும். ஆகவே இலையைத் தூரம் கொண்டுபோனால் தண்ணீருக்கு லொறிக்கூலி கொடுப்பதாகும். இலையைப் பக்கத்து லயத்து மாட்டுக்குப் போட்டால் லொறியும் வேண்டாம், ஆலையும் வேண்டாம். பாலும் சாணமும் கிடைக்கும்.

டென்மார்க்கில் சமவெளியில் இயந்திரம் புல் வெட்டுகிறது. நமது சரிவுகளில் கத்தி பிடிப்பதும் கட்டுச் சுமப்பதும் மனிதர்தான். கிளிரிசிடியா 1,200 மீட்டருக்கு மேல் நன்றாக வளராது. நானுஓயாவோ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே டடப், கலியாண்ட்ரா போன்ற மரங்களைத்தான் நம்பவேண்டும். இவற்றின் வேர் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குக் கொண்டுவருகிறது. 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்தபோது தேயிலை பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. வெட்டிய தழையெல்லாம் ஆலைக்கே போனால், மண் இழப்பதைப் பசளை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கவேண்டிவரும். அந்தச் செலவும் கணக்கில் வரவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நமது கூலி. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது சும்மா கிடைத்ததல்ல. "இது தேயிலை வேலை இல்லை, கொந்தராத்து" என்று சொல்லி, கிலோவுக்கு இத்தனை சதம் என்று கொடுத்தால் அந்தச் சம்பளம் பின்வாசல் வழியாகப் போய்விடும். மலிவான விறகு என்பது மலிவான கூலியாக இருக்கக்கூடாது.

எனவே தோட்டங்களில் இப்பயிர் வருமானால் நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு:

1. மரம் நடுவதும் வெட்டுவதும் சுமப்பதும் தோட்ட வேலையே. நாட்சம்பளமும் ஊழியர் சேமலாப நிதியும் அதற்கும் பொருந்தவேண்டும்.

2. கட்டை கம்பனிக்குப் போகட்டும். இலையில் மண்ணுக்குரிய பங்கு போக, மாடு வளர்க்கும் குடும்பங்களுக்கு முதல் உரிமை.

3. நமது மரக்கறித் தோட்டத்தையும் மாட்டுப் பட்டியையும் இதற்காக எடுக்கக்கூடாது. காடாகிப்போன தேயிலை மலைகள் இருக்கின்றன; அங்கே நடட்டும்.

4. வெளியாருக்கு விற்றால், நிறை, விலை, வருமானம் மூன்றும் தொழிற்சங்கத்துக்கும் காட்டப்படவேண்டும்.

தோட்டக் கமிட்டிகள் இதை இப்போதே பேசவேண்டும். கன்று நட்டு மரமான பிறகு பேசினால், ஒப்பந்தத்தில் நமது பெயர் இருக்காது.