வாசலில் நிறுத்தவும் கட்டணமா?



பிள்ளைகள் லண்டனில் வாழும் வீடுகளில், தொலைபேசிப் பேச்சினிடையே ‘பெர்மிட்’ என்றொரு சொல் அடிக்கடி காதில் விழும். விசாவைப் பற்றிய பேச்சன்று அது. தாம் குடியிருக்கும் தெருவில் தமது காரை நிறுத்தி வைப்பதற்கு உள்ளூராட்சிச் சபை வழங்கும் அனுமதிப் பத்திரம். வருடந்தோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். “சொந்த வாசலில் நிறுத்தவும் காசா?” என்று இங்குள்ள உம்மாமார் வியப்பதுண்டு. அதில் உள்ள நியாயம் எது, அந்த நியாயம் எந்த இடத்தில் எல்லை மீறுகிறது என்பதைத் தெரிந்து கொள்வது நமக்கும் பயன் தரும்.

லண்டனின் பழைய வீடுகள் பல, கார் இல்லாத காலத்தில் கட்டப்பட்டவை. கராஜும் இல்லை, முற்றமும் இல்லை. தெருவோரமே தரிப்பிடம். ரயிலுக்கும் கடைகளுக்கும் வருவோர் காலையிலேயே அந்த இடங்களைப் பிடித்துக் கொண்டால், அத்தெருவில் வசிக்கும் தாய் கைக்குழந்தையையும் சாமான் பைகளையும் சுமந்து கொண்டு இரண்டு தெரு தாண்டி நடக்க நேரும். ஆகவே சில தெருக்களை ஒரு வலயமாக்கி, குறித்த நேரங்களில் பெர்மிட் உள்ளவர்களே நிறுத்தலாம் என ஒழுங்கு செய்கிறார்கள். விலாசத்துக்கும் வாகனத்துக்கும் அத்தாட்சி காட்டினால் பெர்மிட் கிடைக்கும். விருந்தாளிகளின் வாகனத்துக்கு வேறாகத் துண்டு வாங்க வேண்டும். இத்தனைக்கும், இன்ன இடம் உங்களுக்கு என்ற உத்தரவாதம் பெர்மிட்டில் இல்லை. பலகை நடவும், கோடு போடவும், கண்காணிப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் செலவு உண்டு. அச்செலவுக்குக் கட்டணம் அறவிடுவதைக் குறை சொல்ல முடியாது.

குறை எங்கே ஆரம்பிக்கிறது? வட லண்டனிலுள்ள பார்னெட் சபை 2011ஆம் ஆண்டு, ஒரு வீட்டின் முதலாவது பெர்மிட்டுக்கு இருந்த 40 பவுண் கட்டணத்தை 100 பவுணாக உயர்த்தியது. 1 பவுணாக இருந்த விருந்தாளித் துண்டு 4 பவுணாயிற்று. வாரம் ஒரு முறை மகள் வந்து வயதான உம்மாவைப் பார்த்துச் செல்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். வருடத்துக்கு 52 பவுணாக இருந்த செலவு 208 பவுணாகி விடுகிறது. தாயைப் பார்க்க வருவதற்கே விலை ஏறிவிட்டது போலல்லவா இது?

வலயங்களை நடத்தும் செலவு மட்டும் இந்த உயர்வுக்குக் காரணமன்று. வீதிகளைத் திருத்துவது, முதியோரின் சலுகைப் பிரயாணத்துக்குச் செலவிடுவது முதலியவற்றுக்கும் மேலதிகப் பணம் தேடுவதே நோக்கம். அவையாவும் நல்ல காரியங்கள்தாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

அவ்வூர்வாசி ஒருவர் அயலவர்களின் ஆதரவோடு வழக்குத் தொடுத்தார். 2013 ஜூலையில் இங்கிலாந்தின் மேல் நீதிமன்ற நீதிபதி லாங் அம்மையார், அந்தக் கட்டண உயர்வு சட்டத்துக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தார். சபைகளுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுப்பது 1984ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டம். அது வாகனங்களை ஒழுங்குபடுத்த வந்த சட்டமேயன்றி, வரி திரட்ட வந்த சட்டமன்று என்பது தீர்ப்பின் சாரம். ஒழுங்குக்காக அறவிட்ட கட்டணத்தில் தற்செயலாக மிச்சம் வந்தால், அதை எவற்றுக்குச் செலவிடலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் மிச்சம் வர வேண்டும் என்பதற்காகவே கட்டணத்தை உயர்த்த இடமில்லை.

நம் வீட்டுப் பழக்கத்தில் சொல்வதானால், பத்துப் பெண்கள் சேர்ந்து சீட்டுப் போடுகிறார்கள். சீட்டுப் பிடிப்பவர் அதிலிருந்து ஒரு தொகையை எடுத்து ஓர் ஏழைக் குமரின் கலியாணத்துக்குக் கொடுத்து விடுகிறார். கொடுத்தது நல்ல காரியம். ஆனால் கொடுத்தது யாருடைய பணம்? கேட்டிருந்தால் பத்துப் பேரும் மனமுவந்து கொடுத்திருப்பார்கள். கேட்காமல் எடுத்ததால், நல்ல காரியமும் அமானிதத்தில் கை வைத்ததாக முடிகிறது. பார்னெட் சபையும் வீதிக்குப் பணம் போதவில்லையென்றால் வரி என்றே சொல்லி, எல்லாரிடமும் கேட்டிருக்க வேண்டும். பெர்மிட் என்ற பெயரில் சில தெருக்காரரிடம் மட்டும் வாங்கியது முறையாகாது.

கேட்பதும் வெறும் சடங்காக இருக்கக் கூடாது. 1995இல் லண்டனின் கேம்டன் சபை அமைத்த ஒரு தரிப்பு வலயம் வழக்குக்கு வந்தபோது, மக்களிடம் சரியான முறையில் கருத்துக் கேட்கவில்லை என்று நீதிமன்றம் கண்டது. இங்கிலாந்தில் புதிய வலயம் அமைக்க அறிவித்தல் வந்தால், ஆட்சேபம் எழுதக் குறைந்தது 21 நாட்கள் உண்டு. அக்கடிதம் பெரும்பாலும் விளம்பரத் தாள்களோடு கலந்து கதவடியில் கிடக்கும். அங்குள்ள நம் பிள்ளைகள் அதைக் குப்பையில் போடாமல் வாசிக்கட்டும், சம்மதமில்லையென்றால் காரணத்தோடு இரண்டு வரி எழுதட்டும். பெர்மிட் எடுக்காமல் இருப்பது எதிர்ப்பாகாது. அதனால் வருவது தண்டப்பணந்தான்.

கட்டணம் என்ற பெயரில் நம்மிடம் பணம் கேட்கும் எவரிடமும், பாடசாலையோ சங்கமோ சபையோ, பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: இது எதற்கு? கேட்பவள் கஞ்சத்தனம் காட்டுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. சரியாகக் கணக்கு வைத்திருப்பவருக்கு அதற்குப் பதில் சொல்வது பாரமாக இருக்காது.