கனேடிய நாளேடுகள் எவர் கையில்?

1980 ஆகஸ்ட் 27 அன்று ஒட்டாவா ஜேர்னல், வினிப்பெக் ரிபியூன் ஆகிய இரு நாளேடுகளும் ஒரே நாளில் மூடப்பட்டன. தொம்சன், சவுதம் நிறுவனங்களுக்கு இவ்விரு நகரங்களிலும் போட்டி ஒழிந்தது. அதையடுத்து அமைக்கப்பட்ட கென்ற் ஆணைக்குழு, ஏட்டு உடைமைக் குவிப்புக்கு வரம்பிடுமாறு 1981 இல் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சட்டமாகவில்லை.

அன்றைய தயக்கத்தின் விலை பின்னரே தெரிந்தது. 2015 இல் சண் குழுமத்தின் ஆங்கில ஏடுகளைப் போஸ்ற்மீடியா வாங்கியது. போட்டிப் பணியகம் தடுக்கவில்லை. மறு ஆண்டே வன்கூவர், கல்கரி, எட்மன்ரன், ஒட்டாவா நகரங்களில் ஈரேடுகளுக்கும் ஒரே செய்தியறை என்றாயிற்று. பெயர்ப்பலகை இரண்டு, செய்தியாளர் ஒருவர்! அந்நிறுவனத்தின் பங்குகளிற் பெரும்பகுதி அமெரிக்க முதலீட்டு நிதியமொன்றிடம் உள்ளது. வாக்குரிமையை மட்டுப்படுத்திய பங்குகள் என்னும் ஏற்பாட்டால், சட்டத்தின் கண்ணுக்கு அவை கனேடிய ஏடுகளே.

2017 நவம்பரில் போஸ்ற்மீடியாவும் ரோர்ஸ்ராரும் 41 ஏடுகளைத் தமக்குள் கைமாற்றி, அவற்றுட் பெரும்பாலானவற்றை மூடின. ஒலிபரப்புத் துறையிலோ, ஒரே சந்தையில் வானொலி, தொலைக்காட்சி, நாளேடு மூன்றையும் ஒருவரே வைத்திருக்கலாகாது என்ற விதி 2008 இல் வந்தது. ஏடுகள் ஏடுகளை விழுங்குவதை அது தொடவில்லை.

2023 செப்ரெம்பரில் மெற்றோலாண்ட் நிறுவனம் 70 இற்கும் மேற்பட்ட வார ஏடுகளின் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவின் மிரர் ஏடும் அவற்றுள் ஒன்று. வீட்டு விற்பனை முகவர்களின் விளம்பரத்தால் உயிர்வாழும் தமிழ் இலவச ஏடுகளுள், நகரசபை அமர்வுகளுக்கு நாள்தோறும் செய்தியாளரை அனுப்பும் வசதி எதற்கு உண்டு?