காற்றின் கணக்கைக் காட்டுங்கள்!

ஆஜர் நோட்டைப் பார்க்காமல் மேஸ்திரியிடம் கூலி வாங்கக் கூடாது. இது நம் மக்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். முப்பது நாள் உழைத்தவனுக்கு நோட்டில் இருபத்திரண்டு நாள்தான் விழுந்திருக்கும். கேட்டால், “கணக்கு அப்படித்தான் சொல்கிறது” என்பார்கள். கணக்கு தானாக எதையும் சொல்லாது, தோழர்களே! எழுதியவன் எழுதியதை அது சொல்லும். எழுதாமல் விட்டதை மறைக்கும்.

தில்லியில் பிழைக்க வந்த நமக்கு இன்னொரு ஆஜர் நோட்டும் இருக்கிறது. அது காற்றின் கணக்கு. குளிர்காலம் வந்து புகைமூட்டம் கவிந்ததும், நம் பிழைப்பு ஓர் எண்ணின் கையில் போய்விடுகிறது. அந்த எண் 200ஐத் தாண்டினால் ‘கிராப்’ திட்டத்தின் முதல் கட்டம். விறகும் கரியும் எரிக்கும் உணவுக் கடைகளுக்குத் தடை. 400ஐத் தாண்டினால் மூன்றாம் கட்டம். புழுதி கிளப்பும் கட்டட வேலைகள் நிற்கும். கொத்தனாரும் சித்தாளும் பெயிண்டரும் லேபர் சௌக்கிலிருந்து வெறுங்கையோடு திரும்புவார்கள். பழைய டீசல் வண்டி ஓட்டும் தம்பிமார் வண்டியை எடுக்க முடியாது. ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கலாம் என்பார்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகும் தாய் அந்தப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவாள்? 450ஐத் தாண்டினால் நான்காம் கட்டம்; தடைகள் இன்னும் கடுமையாகும்.

நம் கூலியை நிறுத்தும் உரிமை ஓர் எண்ணுக்கு உண்டு என்றால், அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா இல்லையா?

எண் எப்படிப் பிறக்கிறது?

இந்தக் குறியீட்டு எண் 2015இல் நடைமுறைக்கு வந்தது. எட்டுவகை மாசுகள் அதன் கணக்கில் சேரும். நமக்கு முதல் எதிரி நுண்துகள், பி.எம். 2.5 என்று எழுதுகிறார்கள். தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கும் தொண்டையும் இதைத் தடுக்க மாட்டா. நுரையீரலின் அடிவரை போகும். வெளிச்சத்தைச் சிதறடித்து எதிர்த் தெருவை மறைக்கும் மூட்டத்திலும் பெரும்பங்கு இதற்குத்தான்.

2024இல் தில்லியில் ஏறத்தாழ 40 தானியங்கி நிலையங்கள் இருந்தன. யந்திரம் இரவும் பகலும் காற்றை இழுத்து அளக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குச் சராசரி எடுக்கிறார்கள். பிறகு நிலையங்களையெல்லாம் சேர்த்து நகரம் முழுமைக்கும் ஒரு சராசரி எடுத்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாலை நான்கு மணிக்கு வெளியிடுகிறது. அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துத்தான் கட்டங்களை அறிவிக்கிறார்கள்.

சராசரி என்பது வசதியானது. ஆனால் பலவற்றை மூடிவிடும். 2025 ஜூனில் ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. வீடு ஒதுக்கப்பட்டவர்கள் நரேலாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பலருக்கு அதுவும் இல்லை. ஜங்புராவுக்குப் பக்கத்தில் நேரு ஸ்டேடியத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. தொழிற்பேட்டையை ஒட்டிய நரேலாவில் இன்னொரு நிலையம் இருக்கிறது. நகரத்தின் ஒற்றை எண்ணில் இரண்டும் கரைந்துபோகின்றன. நரேலாவில் குடியேறிய நம் குடும்பம் நரேலாக் காற்றைத்தான் சுவாசிக்கிறது, சராசரியை அல்ல!

எட்டு மணி நேரம் எங்கே போனது?

இப்போது ஆஜர் நோட்டு விஷயத்துக்கு வருவோம். ஒரு நாளின் சராசரிக்கு இருபத்துநான்கு மணி நேரமும் அளந்திருக்க வேண்டியதில்லை. பதினாறு மணி நேரக் கணக்கு இருந்தால் போதும் என்பது விதி. யந்திரம் பழுதாகும், மின்சாரம் போகும். ஆகவே ஓரளவு விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எட்டு மணி நேரம் எந்த எட்டு மணி நேரம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிலையத்தில் பதினாறு மணி நேரம் நுண்துகள் கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம். பனி இறங்கி மூட்டம் அழுத்தும் இரவு எட்டு மணி நேரம் 500. முழு நாளையும் கூட்டி வகுத்தால் சராசரி 300. இது 250க்கு மேல். ‘கடுமை’ என்ற கடைசி வகை. அந்த இரவு எட்டு மணி நேரம் மட்டும் பதிவாகவில்லை என்று வையுங்கள். மிச்சம் பதினாறு மணி நேரத்தின் சராசரி 200. விதிப்படி இதுவும் செல்லும்! ‘மிக மோசம்’ என்று ஒரு படி இறங்கிவிடும். காற்று சுத்தமாகவில்லை; நோட்டில்தான் எட்டு மணி நேரம் விழவில்லை. இதே கோளாறு மறுபக்கமும் வெட்டும். காற்று தெளிந்த பகல் மணிகள் விட்டுப்போனால் சராசரி ஏறியே நிற்கும். எடுத்திருக்க வேண்டிய தடை நீடிக்கும். நம் கூலி இன்னும் இரண்டு நாள் போகும்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. தில்லி வாகன மாசு பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தணிக்கையில் பார்த்த 24 நிலையங்களில் 13, மத்திய வாரியம் சொன்ன இட விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று அது சொன்னது. மரங்களின் அருகில் யந்திரத்தை வைத்தால் இலை புழுதியைப் பிடித்துக்கொள்ளும், எண் இறங்கும். தேவையான பதினாறு மணி நேரக் கணக்கு இல்லாமல் போனதையும் அதே அறிக்கை குறித்திருக்கிறது.

2025 அக்டோபரில் தீபாவளி வந்தது. 37 நிலையங்களில் 9 மட்டுமே தொடர்ந்து இயங்கின என்று பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் நவம்பரில் அதை உச்ச நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னார். நிலையங்களே இயங்காவிட்டால் எந்தக் கட்டத்தை எப்போது அமல் செய்வது என்று எப்படித் தெரியும் என்பது அவர் வாதம். நாமும் அதைத்தான் கேட்கிறோம். பட்டாசு வெடிக்கும் இரவில் கணக்கில்லை என்றால், அது எப்பேர்ப்பட்ட கணக்கு?

தில்லியின் புகை மட்டுமா?

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மூட்டம் தில்லிக்குள் மட்டும் உண்டாவதில்லை. டெரி, ஏ.ஆர்.ஏ.ஐ. ஆகிய இரு நிறுவனங்களின் ஆய்வு 2018இல் வெளியானது. குளிர்காலத்தில் தில்லி நுண்துகளில் தில்லியின் சொந்தப் பங்கு 36 சதவீதம்தான் என்றது அது. மற்றவை சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகின்றன. நிலக்கரி எரிக்கும் மின் நிலையத்தின் கந்தகப் புகை, வழியில் வயல்களின் அம்மோனியாவோடு சேர்ந்து துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறது. குளிரில் காற்று அசையாது நிற்க, மேலே மூடி போட்டதுபோல் எல்லாம் கீழேயே தங்கிவிடுகிறது.

அதனால்தான் 2021 சட்டப்படி, தில்லிக்கும் ஹரியானா, பஞ்சாப், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தின் அருகுப் பகுதிகளுக்கும் பொதுவாகக் காற்றுத் தர மேலாண்மை ஆணையம் அமைந்தது. வட்டாரம் முழுமைக்கும் ஒரே திட்டம் என்பது சரியான யோசனையே. ஆனால் ஒரே திட்டத்துக்கு ஒரே கணக்கு வேண்டாமா?

நோட்டுகள் பலவாக இருக்கின்றன. தானியங்கி நிலையம் ஒரு நோட்டு. 1984இல் தொடங்கிய பழைய முறை இன்னொரு நோட்டு. வாரத்துக்கு இரண்டு நாள், வடிதாளில் காற்றை இழுத்து, தாளை எடை போட்டுப் பார்ப்பது. ஆண்டுக்கு 104 நாள்தான் கணக்கு. மிச்சம் 261 நாளுக்கு அங்கே ஒன்றும் எழுதப்படுவதில்லை. மூன்றாவது, வைக்கோல் தாள் எரிவதைப் பார்க்கும் செயற்கைக்கோள். அது கடந்து போன பிறகு மாலையில் மூட்டும் தீ அதன் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பயன் உண்டு. ஆனால் எது எந்த முறையில் அளந்தது, எத்தனை மணி விட்டுப்போனது, யந்திரத்தை எப்போது சரிபார்த்தார்கள், எந்த எண்ணை ஏன் தள்ளினார்கள் என்ற குறிப்பில்லாமல் இவற்றைக் கூட்டினால், பழி எப்போதும் பக்கத்து மாநிலத்தின் மேலேயே விழும். யந்திரம் இருக்கும் ஊர் குற்றவாளியாகும். யந்திரம் இல்லாத ஊர் யோக்கியனாகும்!

நம் கோரிக்கை

நம்மில் சிலர் சொல்கிறார்கள்: “எண்ணால் வயிறு நிறையுமா? தடையையே எடுத்துவிடச் சொல்லுங்கள்.” அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் மூட்டத்தில் பாடுபடுவதும் நாம்தான். இருமிக்கொண்டு கிடப்பதும் நம் பிள்ளைகள்தான். காற்றைச் சுத்திகரிக்கும் யந்திரம் நம் வீட்டில் இல்லை. தடை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உண்மையான கணக்கின் மேல் தடை வரட்டும். தடையோடு கூலியும் வரட்டும் என்கிறோம்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. வேலை நின்ற கட்டடத் தொழிலாளருக்கு, அதற்கென வசூலித்த வரி நிதியிலிருந்து பிழைப்புத் தொகை கொடுக்க உத்தரவிட்டது. நடந்தது என்ன? டிசம்பரில் தலைமைச் செயலாளர்களையே நீதிமன்றம் அழைக்க வேண்டி வந்தது. தில்லியில் 8,000 ரூபாய் என்று சொன்னதில் முதலில் வந்தது 2,000. அதுவும் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும். எண் ஏறிய அன்றே வேலை நிற்கிறது. பணம் மட்டும் ஏன் நீதிமன்றப் படியேறி வர வேண்டும்?

ஆகவே நாம் கேட்பவை இவை. ஒவ்வொரு நிலையத்திலும் விட்டுப்போன மணிகளைக் காரணத்தோடு, எண்ணின் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். விதிக்குப் பொருந்தாத இடத்திலுள்ள நிலையங்களை மாற்ற வேண்டும். மறுகுடியமர்வுக் காலனிகளிலும் நிலையங்கள் வேண்டும். ஐந்து அரசுகளின் கணக்கையும் ஒரே முறையில் ஆணையம் தொகுத்து, பழைய எண்களை அழியாமல் காக்க வேண்டும். கட்டட வேலைக்குத் தடை அறிவிக்கும் அதே ஆணையில் பிழைப்புத் தொகையும் அறிவிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஆண்டில் 90 நாள் கட்டட வேலை செய்த, 18 முதல் 60 வயதுக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். படித்த பிள்ளைகள் ஒரு நோட்டு வாங்கி, குளிர்காலம் முழுதும் மாலை நான்கு மணி எண்ணையும், பக்கத்து நிலையத்தின் எண்ணையும், அது இயங்காத மணிகளையும் எழுதுங்கள். பக்கத்திலேயே அப்பாவுக்கு வேலை நின்ற நாளையும் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கவும், நல வாரியத்தின் முன் நிற்கவும் அந்த நோட்டு நமக்கு வேண்டும்.

ஒருவன் எழுதும் கணக்கில் தில்லுமுல்லு நடக்கலாம். இரண்டு நோட்டு இருந்தால் ஒன்று மற்றொன்றைக் கேள்வி கேட்கும். நம் நோட்டை இன்றே தொடங்குவோம்!