சேர்வர் நின்றால் கதையும் சாக வேண்டுமா?

2024 ஜூலை 31ஆம் திகதி ஜப்பானில் ஒரு கைபேசி விளையாட்டு நிறுத்தப்பட்டது. ‘மாகியா ரெக்கோர்ட்’ என்பது அதன் பெயர். 2017 ஓகஸ்ட் 22ஆம் திகதி வெளிவந்து ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஓடிய அந்த விளையாட்டுக்குள் நாவல்கள் பலவற்றின் நீளத்துக்கு ஒரு தொடர்கதை இருந்தது. ஓவியர்களும் எழுத்தாளர்களும் குரல் நடிகைகளும் இசைக் கலைஞர்களும் சேர்ந்து வளர்த்த கதை அது. அன்றைக்குப் பிறகு அந்த விளையாட்டைத் திறந்து பார்க்க அதிகாரபூர்வமான வழி எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்து நெல்லியடிச் சந்தியில் ரியூசன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளையின் போனில் இருக்கும் விளையாட்டுக்கும் ஒருநாள் இதே கதிதான். அதனால் இந்தத் தூரத்து விளையாட்டின் கதையை இங்கேயும் பேச வேண்டியிருக்கிறது.

மந்திரச் சிறுமிக் கதைகள் ஜப்பானில் பழையவை. 1966இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘மந்திரக்காரி சாலி’ தொடங்கி 1992இன் ‘செய்லர் மூன்’, 1998இன் ‘கார்ட்கேப்டர் சகுரா’ வரை அவற்றுக்கு ஒரு வழக்கமான அமைப்பு உண்டு. சாதாரணப் பள்ளிச் சிறுமிக்கு மந்திர சக்தி கிடைக்கும், அழகான உடை வரும், தீமையை வெல்வாள். 2011 ஜனவரியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘மடோக்கா மாகிக்கா’ இந்த அமைப்பைக் குலைத்துப் போட்டது. கென் உரோபுச்சி எழுத, அகியுகி ஷின்போ இயக்க, ஷாஃப்ட் நிறுவனம் தயாரித்த 12 அத்தியாயத் தொடர் அது. அதில் சக்தி இலவசமாகக் கிடைப்பதில்லை. சிறுமி ஒரு வரம் கேட்கிறாள். அதற்கு ஈடாக உயிரையே ஒப்பந்தத்தில் வைக்கிறாள். நம்பிக்கை இழந்தால் தான் எதிர்த்துப் போராடிய சூனியக்காரியாகவே மாறிவிடுகிறாள்.

இந்த இருட்டைப் படைப்பாளிகள் முன்கூட்டியே வெளியில் சொல்லவில்லை. உருண்டைக் கன்னமும் மென்மையான கோடுகளுமாகப் பாத்திரங்களை வரைய ஊமே ஆவோக்கியை அழைத்தார்கள். முதல் இரண்டு அத்தியாயங்களைப் பார்த்தவர்கள் வழக்கமான சிறுமிக் கதை என்றே நினைத்தார்கள். மூன்றாவதில் முக்கியமான பாத்திரம் ஒன்று கண்ணெதிரே மடிந்தபோதுதான் ஜப்பான் நிமிர்ந்து உட்கார்ந்தது.

சூனியக்காரிகளின் உலகத்தை உருவாக்கியது ‘கெக்கிடான் இனு கறி’ என்ற இரண்டு கலைஞர்களின் கூட்டு. மற்றக் காட்சிகள் கையால் வரைந்த சித்திரமாக நகர, சூனியக்காரி வந்ததும் திரை முழுவதும் கத்தரித்த காகிதம், துணி, சரிகை, பழைய அச்சுப் படங்கள் என்று மாறும். அந்தக் காட்சிகளின் மூலைகளில் விளங்காத எழுத்துகள் ஓடும். பார்வையாளர்கள் அவற்றை அலங்காரம் என்று விட்டுவிடவில்லை. காட்சியை நிறுத்தி நிறுத்தி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, குறியீட்டை உடைத்தார்கள். உள்ளே ஜெர்மன் வாசகங்கள் இருந்தன. கோதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடக வரிகளும் இருந்தன. ஆன்மாவைப் பேரம் பேசும் அந்த நாடகம்தான் இந்தக் கதையின் வேர் என்பதைச் சில நொடிகள் தோன்றி மறையும் சுவர்க் கிறுக்கலில் ஒளித்து வைத்திருந்தார்கள். ஒரு படைப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தால் மட்டுமே கைக்கு எட்டுகிற நுட்பம் இது.

2011 மார்ச் 11ஆம் திகதி ஜப்பானின் வடகிழக்கைப் பூகம்பமும் சுனாமியும் தாக்கின. கதையின் கடைசிப் பகுதியில் ஒரு பெரும் புயல் ஊரையே அழிக்கிறது. அதனால் எஞ்சிய அத்தியாயங்கள் நிறுத்தி வைக்கப்பட்டு ஏப்ரல் 21ஆம் திகதி இரவுதான் ஒளிபரப்பாயின. முன்னொரு சுனாமியில் உறவுகளைக் கடலுக்குக் கொடுத்த வடமராட்சிக் கரையோரத்து மக்களுக்கு அந்தத் தயக்கம் ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தத் தொடரின் கிளைக்கதையாகத்தான் ‘மாகியா ரெக்கோர்ட்’ பிறந்தது. எஃப்4சமுராய் உருவாக்க, அனிப்ளெக்ஸ் வெளியிட்டது. நாயகி தமாக்கி இரோஹா. அவளுக்கு உய் என்றொரு தங்கை இருந்திருக்கிறாள்; ஆனால் வீட்டில் அவளுடைய தடயம் இல்லை, பெற்றோருக்கும் நினைவில்லை, இரோஹாவே மறந்துபோயிருக்கிறாள். மறந்த தங்கையைத் தேடி அவள் கமிஹாமா என்ற நகரத்துக்குப் போகிறாள். அங்கே வதந்திகள் உயிர்பெற்று மனிதரைப் பிடிக்கின்றன. சிறுமிகள் முழுதாகச் சூனியக்காரிகளாகாமல் தப்ப ஒரு வழியும் அந்த நகரத்தில் மட்டும் இருக்கிறது. அந்த விடுதலைக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதே கதையின் மையம்.

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் சுடுவதும் ஓடுவதும்தான் நினைவுக்கு வரும். இதில் பெரும்பகுதி வாசிப்பு. பாத்திரங்கள் திரையில் நின்று பேசும். விளையாடுபவர் வசனத்தை வாசித்துக்கொண்டு போவார். அந்தப் பாத்திரங்களை அசைய வைத்த நுட்பம் லைவ்2டி. ஒரே ஓவியத்தை முன்முடி, பின்முடி, இமை, கருவிழி, வாய், கழுத்துப்பட்டி என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு வளையலாம், எந்தப் பக்கம் சாயலாம் என்று தனித்தனியே வரையறுப்பார்கள். பாத்திரம் மூச்சு விடும்போது தோள் உயரும். தலை திரும்பினால் முடி ஒரு கணம் பிந்தி ஆடும். தட்டையான படம் உயிருள்ளதாகத் தெரியும். ஆனால் இந்தத் துண்டுகள் செயலிக்குள் ஒன்று சேரும்போதுதான் அது பாத்திரம். செயலி நின்றால் மிஞ்சுவது இமையும் முடியுமாகச் சிதறிய கோப்புகள்.

இந்தக் கதைக் குடும்பத்தின் வேறு கிளைகளில் இருந்தவர்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஜோன் ஒஃப் ஆர்க்கை மந்திரச் சிறுமியாக வைத்து எழுதிய மங்கா சித்திரக்கதையின் நாயகி உட்பட, தனித்தனிப் புத்தகங்களில் வாழ்ந்த சிறுமிகள் ஒரே விளையாட்டுக்குள் சந்தித்தார்கள். இரோஹாவுக்குக் குரல் கொடுத்த மோமோ அசகுரா, ‘ட்ரைசெய்ல்’ என்ற மூவர் பாடல் குழுவில் ஒருவர். விளையாட்டுக்கான பாடலையும் அந்தக் குழுவே பாடியது. 2018 ஓகஸ்டில் டோக்கியோவில் விளையாட்டின் கதை மேடை நாடகமாகவும் நடிக்கப்பட்டது.

பிறகு அனிமே, அதாவது அசையும் சித்திரத் தொடர், வந்தது. 2020 ஜனவரியில் முதற் பருவம், 2021இல் இரண்டாவது, 2022 ஏப்ரலில் நான்கே அத்தியாயங்களோடு முடிவு. சூனியக்காரிகளின் காகித உலகத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான டோரோஇனு இம்முறை இயக்குநர். அவர் விளையாட்டுக் கதையை அப்படியே படமாக்கவில்லை. விளையாட்டுக் கதையில் அதுவரை இல்லாத குரோயே என்ற சிறுமியை முதல் அத்தியாயத்திலேயே கொண்டுவந்தார். கதையின் வலி கடைசியில் அவள் மேல்தான் இறங்குகிறது. விளையாட்டில் பிழைத்து வாழும் பிள்ளைகள் சிலர் அனிமேயில் உயிரோடு இல்லை. முடிவே வேறு. விளையாட்டுக் கதையின் இரண்டாம் பாகம் அனிமேயாக வரவே இல்லை.

“விளையாட்டு போனால் என்ன, அனிமே இருக்கிறதே” என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அனிமே இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது இன்னொரு கதை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இயக்குநர் எதை ஏன் மாற்றினார் என்பது தெரியும். ஒன்றை எடுத்துவிட்ட பிறகு அந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை. ஆங்கில வாசகர்களின் நிலை இன்னும் மோசம். 2019 ஜூனில் தொடங்கிய ஆங்கிலப் பதிப்பு 2020இல் மூடப்பட்டது. கதை நடுவழியில் நின்றது. ரசிகர்கள் தாங்களாகவே காட்சிகளைக் காணொளியாகப் பதிந்தும், மொழிபெயர்த்தும் வைத்தார்கள். இன்று அந்தக் கதையைத் தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் அவர்களுடைய உழைப்பே துணை. 2025 மார்ச்சில் வந்த ‘மாகியா எக்செட்ரா’ என்ற புதிய விளையாட்டு பழைய கதைகளில் ஒரு பகுதியைத் திரும்பச் சொல்கிறது. அதுவும் சேர்வரில் ஓடும் விளையாட்டுத்தான். அதுவும் ஒருநாள் மூடும்.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. சேர்வர் ஓட்டக் காசு வேண்டும். விளையாடுவோர் குறைந்தால் நட்டம். என்றென்றைக்கும் நடத்து என்று எவரும் கேட்கவில்லை. மூடும்போது இணையம் இல்லாமலே திறக்கக்கூடிய ஒரு பதிப்பைக் கொடுத்துவிட்டுப் போ என்பதுதான் கோரிக்கை. அது முடியாத காரியமும் அல்ல. கெப்கொம் நிறுவனம் 2023இல் ‘மெகாமேன் எக்ஸ் டைவ்’ விளையாட்டை இணையம் தேவையில்லாத பதிப்பாக விற்றது. நின்டெண்டோ 2024 இறுதியில் ‘அனிமல் குரோசிங்: பொக்கெட் கேம்ப்’ சேவையை நிறுத்தியபோது, ஒருமுறை காசு கட்டி வைத்துக்கொள்ளக்கூடிய முழுப் பதிப்பை வெளியிட்டது.

சட்டங்களும் மெல்ல நகர்கின்றன. ஜப்பானில் விளையாட்டு மூடப்பட்டால், காசு கொடுத்து வாங்கிச் செலவழிக்காமல் வைத்திருக்கும் விளையாட்டு நாணயத்தைத் திருப்பித் தர வேண்டும். நாணயத்துக்கு நட்டஈடு உண்டு, கதைக்கு இல்லை. கலிபோர்னியாவில் 2025 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமையல்ல, அனுமதி மட்டுமே என்பதை விற்கும்போதே சொல்லச் சொல்கிறது. 2014இல் வெளிவந்த ‘த குரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டை யூபிசொஃப்ட் 2024 மார்ச்சில் மூடியதையடுத்து எழுந்த இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியதைப் பறிக்காதே என்பதே அவர்களின் குரல்.

இனி நெல்லியடிக்கு வருவோம். நெல்லியடி நகரம் அடங்கியிருக்கும் கரவெட்டி, ஈழத்துக் கேலிச்சித்திரக் கலையின் பெரும் பெயர்களில் ஒன்றான ‘சிரித்திரன்’ சுந்தரின் ஊர். சி. சிவஞானசுந்தரம் 1960களில் கொழும்பில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து நடத்திய ‘சிரித்திரன்’ இதழையும், அவர் வரைந்த சவாரித் தம்பரையும், மெயில் வாகனத்தாரையும் ஒரு தலைமுறை வாய்விட்டுச் சிரித்து வாசித்தது. யுத்தமும் இடப்பெயர்வும் எத்தனை வீட்டு அலுமாரிகளைத் தின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. இவ்வளவுக்கும் பிறகும் இன்று ஒரு பிள்ளை போனை எடுத்து ‘நூலகம்’ இணையத்தளத்துக்குப் போனால் சிரித்திரன் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்துக்குத் தன்னார்வலர்கள் வீடு வீடாகத் தேடிச் சேர்த்த பிரதிகள் எத்தனையோ. அது முடிந்ததற்கு ஒரே காரணம், யாரோ ஒருவர் வீட்டில் ஒரு பிரதி மிஞ்சியிருந்ததுதான்.

ஐம்பது ஆண்டுக்கு முந்திய கரவெட்டிக்காரரின் கேலிச்சித்திரம் யுத்தத்தைத் தாண்டி வந்திருக்கிறது. பெரிய நிறுவனம், பெரிய பணம், பெரிய ரசிகர் கூட்டம் எல்லாம் இருந்த 2017ஆம் ஆண்டு விளையாட்டு, சமாதான காலத்திலேயே காணாமல் போயிருக்கிறது. வேறுபாடு பிரதியில் இருக்கிறது. காகிதம் வாசகன் கையில் இருந்தது. விளையாட்டு கடைசிவரை நிறுவனத்தின் கையிலேயே இருந்தது.

தமிழிலும் இந்த இழப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் ‘ஜாக்கி சான்’ கார்ட்டூன் தொடரைத் தமிழில் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் அந்தக் குரல்களைப் போலப் பேசிச் சிரிக்கிறார்கள். அந்த மொழிமாற்றத்துக்குக் குரல் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே கிடைக்கும்? இப்போது ‘சோலோ லெவலிங்’ போன்ற அனிமேக்கள் ஸ்ட்ரீமிங் தளத்தில் தமிழ்க் குரலோடு வருகின்றன. ஒப்பந்தம் முடிந்து தளம் அவற்றை எடுத்துவிட்டால் அந்தத் தமிழ் எங்கே போகும்? இலங்கையில் அச்சாகும் நூலின் பிரதிகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. செயலிக்கும், விளையாட்டுக்கும், மொழிமாற்றக் குரலுக்கும் அப்படி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவரும் காலம் வந்துவிட்டது.

வடக்கில் மென்பொருள் படித்துவிட்டு விளையாட்டுச் செய்யக் கனவு காணும் இளையவர்கள் இன்று நிறையப் பேர். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். தமிழில் ஒரு விளையாட்டைச் செய்யும்போது, சேர்வர் இல்லாமலும் திறக்கும் ஒரு வடிவத்தை முதல் நாளிலிருந்தே திட்டத்தில் சேருங்கள். வசனம், ஓவியம், குரல், வேலை செய்தோர் பெயர் எல்லாவற்றின் ஒரு பிரதியை நூலகம் போன்ற ஓர் அமைப்பிடம் ஒப்படையுங்கள். பெற்றோர்களே, பிள்ளை ரீலோட் காசில் விளையாட்டுப் பொருள் வாங்கக் கேட்டால், அது சொந்தமாகுமா, வாடகையா என்று அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். பழைய சுட்டி டிவி ஒளிப்பதிவோ, சிரித்திரன் இதழோ, ஊரில் எவரோ செய்த சின்னச் செயலியோ வீட்டில் கிடந்தால் எறியாதீர்கள். பிரதி எடுக்கக் கொடுங்கள்.