600 வெள்ளி ஆரவாரம்



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் மகிழுந்தின் புகைக்குழாயைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இலக்கணம் எழுத வேண்டியவனுக்கு இந்த வேலை எதற்கு என்றும் கேட்கலாம். பள்ளி வாசலில் நாள்தோறும் நடப்பதை ஆசிரியன் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவன் ஒருவன் இப்போது வேலைக்குப் போகிறான். கைமாறிய புரோட்டோன் பிரிவே ஒன்றை வாங்கியிருக்கிறான். 2012இல் வெளிவந்த அந்த மாடலில், டர்போ பொருத்திய 1.6 லிட்டர் வகை. அவன் தங்கை எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். மதியம் அவளை ஏற்றிச் செல்ல அவன்தான் வருகிறான். சில மாதங்களுக்கு முன்பு அந்த வண்டியின் குரல் மாறியது. முச்சந்தியில் திரும்பும்போதே வகுப்பறைச் சன்னல் அதிரும். வாசலில் வேகத்தைக் குறைக்கும்போது பட்டாசு போல் நான்கைந்து வெடிச்சத்தம். வகுப்பில் வாக்கியம் வாசித்துக் கொண்டிருந்த பிள்ளை நிறுத்திவிடும். நானும் நிறுத்திவிடுவேன்.

ஒரு நாள் அவன் தந்தையைப் பார்த்தபோது கேட்டேன். "பையன் ஆசைப்பட்டான் சார். 600 வெள்ளிதானே, நான்தான் கொடுத்தேன். வண்டி இப்ப பறக்குதாம்" என்றார். முகத்தில் பெருமை.

அன்று மாலை அந்த இளைஞனைப் பிடித்து அறிவுரை சொன்னேன். நான் செய்த முதல் தவறு அதுதான். "தம்பி, இயந்திரத்துக்குப் பின்னழுத்தம் வேண்டும். குழாயைத் திறந்துவிட்டால் வலு குறையும்" என்றேன், எங்கோ கேட்டதை வைத்துக்கொண்டு. அவன் பணிவாகச் சிரித்தான். "சார், டர்போ வண்டிக்கு அது பொருந்தாது சார்" என்றான்.

அவன் சொன்னது சரி. அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத எனக்குத் தகுதி வந்தது.

டர்போ என்பது கழிவுக் காற்றால் சுழலும் ஒரு சக்கரம். இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான புகை அதைச் சுழற்றுகிறது. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழலக்கூடியது அது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. முதல் சக்கரத்துக்கு முன்னே உள்ள அழுத்தத்துக்கும் பின்னே உள்ள அழுத்தத்துக்கும் இடையே வேறுபாடு மிகுந்தால் சக்கரம் விரைவாகச் சுழலும். ஆகவே டர்போவுக்குப் பின்னால் வழி எவ்வளவு தடையின்றி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 2 அங்குலக் குழாயை 2.5 அங்குலமாக்கினால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 56 விழுக்காடு கூடுகிறது. டர்போ இல்லாத வண்டியைவிட டர்போ வண்டியில் புகைக்குழாய் மாற்றம் நல்ல பயன் தரும் என்பது உண்மையே.

ஆனால், அந்த உண்மையை முன்னால் காட்டிப் பின்னால் விற்கப்படும் பொருள் வேறு. என் சண்டை அதனோடுதான்.

எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் அந்த வண்டியை உயர்த்திக் காட்டச் சொன்னேன். இளைஞனும் உடன் வந்தான். கீழே நின்று மூவரும் பார்த்தோம். 600 வெள்ளிக்கு என்ன கிடைத்திருந்தது?

முதலாவது, வளைவுகள். முறையான குழாயை உள்ளே தாங்கி வைத்து வளைப்பார்கள். வளைவிலும் விட்டம் குறையாது. மலிவுக் குழாயை நசுக்கி வளைத்திருந்தார்கள். நேர்ப்பகுதியில் 2.5 அங்குலம், வளைவில் நசுங்கிய நீள்வட்டம். வாய் அகன்று தொண்டை குறுகிய குழாய். 56 விழுக்காடு எங்கே போயிற்று?

இரண்டாவது, உலோகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாகிப் போய்விடும். வீட்டுக்கும் பள்ளிக்கும் குறுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் முழுதாகச் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும்; நீர் உள்ளேயே தங்கும். நல்ல துருப்பிடிக்கா எஃகு அதைத் தாங்கும். மெல்லிய சாதாரண இரும்பு உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே பளபளப்பு, உள்ளே துரு.

மூன்றாவது, கசிவு. டர்போவை ஒட்டிய இணைப்பில் புகை கசிந்த கருமை தெரிந்தது. இயந்திரம் அசையும்போது அதிர்வை வாங்கிக்கொள்ளும் நெகிழ் இணைப்பை வைக்காமலே நேராக ஒட்டியிருந்தார்கள். ஒட்டு விரிசல் விடாமல் என்ன செய்யும்? அந்த இணைப்பின் அருகில்தான் ஆக்சிஜன் சென்சர் இருக்கிறது. கசிவின் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால், புகையில் ஆக்சிஜன் மிகுதி என்று சென்சர் எண்ணும். எரிபொருள் போதவில்லை என்று கணினி முடிவு செய்யும். தேவையில்லாத பெட்ரோலை ஊற்றும். "பறக்கும்" வண்டி முன்னைவிட அதிகம் குடிப்பதன் காரணம் விளங்குகிறதா?

நான்காவதுதான் என்னை உறைய வைத்தது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எனப்படும் வினையூக்கி மாற்றியைக் காணோம்! பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் முதலிய அரிய உலோகங்கள் பூசிய அந்தக் கூடுதான் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. "தடையை எடுத்துவிட்டோம்" என்று சொல்லி அதை அகற்றிவிட்டு வெறுங்குழாயை மாட்டியிருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க, சென்சரை ஏமாற்றும் சிறு துண்டு ஒன்றும் பொருத்தியிருந்தார்கள்.

"பழைய மாற்றி எங்கே தம்பி?" என்று பட்டறைக்காரர் கேட்டார்.

"கடையிலேயே வச்சிக்கிட்டாங்க அண்ணே. வேஸ்ட்டுனு சொன்னாங்க."

பட்டறைக்காரர் சிரித்தார். அந்த உலோகங்களுக்காகவே பழைய மாற்றிகளை விலை கொடுத்து வாங்குவோர் உண்டு. பிள்ளையிடம் 600 வெள்ளியும் வாங்கிக்கொண்டு, வண்டியில் விலைமதிப்புள்ள பொருளையும் கழற்றி வைத்துக்கொண்டார்கள். இதற்குப் பெயர் மேம்பாடா?

சரி, வலுவாவது கூடியதா? இக்கால டர்போ வண்டிகளில் காற்றழுத்தம் எவ்வளவு ஏற வேண்டும் என்பதைக் கணினியே கட்டுப்படுத்துகிறது. குழாயை மட்டும் மாற்றிக் கணினியின் கணக்கை மாற்றாவிட்டால், பழைய இலக்கை எட்டியதும் அது அழுத்தத்தை நிறுத்திவிடும். டர்போ சற்று முன்னதாக விழித்துக்கொள்ளும், அவ்வளவே. அழுத்தம் கட்டுக்கு மீறி ஏறினாலோ, இயந்திரத்தைக் காக்கக் கணினி வலுவைக் குறைத்துவிடும். பையன் உணர்ந்த "பறத்தல்" பெரும்பாலும் காதில் நிகழ்ந்தது. ஓசை பெருத்தால் வேகம் பெருத்ததாக மனம் நம்பிவிடுகிறது. அவனுக்கு விற்கப்பட்டது அந்த மயக்கம்தான்.

இனி, பெற்றோர்களே, உங்களிடம் வருகிறேன்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். மாற்றி இல்லாத, கசியும் குழாய் வண்டியின் அடியில் ஓடுகிறது. மேலே பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவள் பத்து வயதுச் சிறுமி. மழைநாளில் சன்னல்களெல்லாம் மூடியிருக்கும். வாசலில் நெரிசலில் வண்டி நின்றுகொண்டிருக்கும். "அண்ணன் கார்ல வந்தா தல வலிக்குது சார்" என்று அவள் என்னிடம் ஒரு முறை சொன்னாள். காரணம் இதுதான் என்று தீர்ப்பளிக்க நான் மருத்துவன் அல்லன். ஆனால் அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

ஆசிரியர்களே, அடுத்து நம் வகுப்பறை. வகுப்பு நடக்கும்போது பின்னணி ஓசை 35 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியது. நியூயார்க்கில் மேம்பால இரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில் அர்லின் பிரான்சாஃப்ட் ஆய்வு செய்து 1975இல் வெளியிட்டார். இரயில் ஓடும் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள், அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தனர். 2022இல் பார்சிலோனாவில் 38 பள்ளிகளில் நடத்திய ஆய்வு இன்னும் நுட்பமானது. வகுப்பறைக்குள் சாலை ஓசை ஏறி இறங்கும் அளவு மிகுந்த இடங்களில், பிள்ளைகளின் செயல்நினைவு மெதுவாக வளர்ந்தது. திடீரென வெடித்து அடங்கும் ஓசை எப்படிப்பட்டது என்று நாம் அறிவோம். வாசலில் நாள்தோறும் கேட்கிறோமே!

நம் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்குகிறார்கள் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அதே வாசலில் அந்த வண்டி வந்தால் "இளைஞர்கள் அப்படித்தான்" என்று சிரிக்கிறோம். இரண்டில் எதை நம்பச் சொல்கிறீர்கள்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. வாகன ஓசைக்கு 1987ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளும், பெட்ரோல் இயந்திரப் புகைக்கு 1996ஆம் ஆண்டின் விதிமுறைகளும் உள்ளன. சாலைத் தடுப்புச் சோதனையில் நிறுத்தினால், அங்கே நிற்கப்போவது விற்ற கடைக்காரர் அல்லர், உங்கள் மகன்.

"எல்லா இனத்து இளைஞர்களும்தான் செய்கிறார்கள். நம் பையன்களை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். பிறர் செய்வதால் நச்சுப்புகை நற்காற்றாகிவிடாது. என் வீட்டுக் குப்பையை நான் பெருக்குகிறேன், அவ்வளவுதான்.

"ரௌடித்தனம், வண்டியைப் பிடுங்கி வையுங்கள்" என்று சொல்லும் ஆசிரிய நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்த இளைஞன் அழுத்த வேறுபாட்டை என்னைவிடத் தெளிவாக அறிந்திருந்தான். ஆறாம் ஆண்டில் அறிவியலில் தடுமாறியவன் அவன்! ஒரு குழாய் அவனுக்கு இயற்பியலைக் கற்பித்திருக்கிறது. அந்த ஆர்வத்தை மிதித்தால் நாம் ஆசிரியர்களா? அரைகுறை அறிவோடு நாம் கண்டித்ததால்தான், முக்கால் உண்மை சொன்ன கடைக்காரரை அவன் நம்பினான்.

ஆகவே நான் சொல்வது இவ்வளவே. டர்போ வண்டியில் புகைக்குழாய் மலிவு பார்க்கும் இடமன்று. மாற்றத்தான் வேண்டுமென்றால் வினையூக்கி மாற்றியை விடாதீர்கள். விட்டம் குறையாத வளைவு, துருப்பிடிக்கா எஃகு, நெகிழ் இணைப்பு, முறையான ஓசையடக்கி, தகுதியுள்ளவர் செய்யும் கணினித் திருத்தம் ஆகிய அனைத்துக்கும் சேர்த்துப் பணம் சேரும்வரை பொறுத்திருங்கள். அதற்கும் முன்னே எண்ணெயை மாற்றுங்கள், தீப்பொறிச் செருகியைப் பாருங்கள், சக்கர உறைகளையும் தடையையும் சரிசெய்யுங்கள். கழற்றிய பொருளைக் கடையில் விட்டுவராதீர்கள். காப்புறுதி நிறுவனத்திடம் மறைக்காதீர்கள்.

ஆர்வம் மிக்க பிள்ளையாக இருந்தால், அந்த 600 வெள்ளியைக் குழாய்க்குக் கொடுக்காமல் அவனைத் தொழிற்பயிற்சிக் கழகத்தின் வாகனத் தொழில்நுட்ப வகுப்பில் சேர்க்கும் வழியைத் தேடுங்கள். மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றவன் நாளை இன்னொரு தமிழ்ப் பிள்ளை ஏமாறாமல் தடுப்பான்.

அந்த வண்டி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பழைய மாற்றி திரும்பக் கிடைக்கவில்லை. விற்றாகிவிட்டது என்று கடையில் கைவிரித்தார்கள். வேறொன்று வாங்க அவன் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அது 600 வெள்ளியில் முடியும் காரியமில்லை. அதுவரை தங்கையைத் தந்தை மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிச் செல்கிறார். நேற்று வாசலில் என்னைப் பார்த்ததும் தலைகுனிந்தார். அவர் தலைகுனிய வேண்டியதில்லை. ஏமாற்றியவர்கள் நிமிர்ந்து கடை நடத்துகிறார்களே!

மாற்றுக்கருத்து உடையோர் தயங்காமல் எழுதுங்கள். கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்