மீட்டரைக் குறைகூறுமுன்

நூலுக்குச் சாயமேற்றிய கழிவு நீர் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையை நம்பிய உழவர்களின் நிலத்தைக் கெடுத்த வரலாற்றை அங்கத்தினர்கள் அறிவார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதையும் அறிவார்கள். ஆகவே, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும் குழாயில் பொருத்திய மீட்டர் நெசவாளருக்கும் உழவருக்கும் பொதுவான சாட்சியாகும். அது கூடுதலாகக் காட்டினால், சிறு பட்டறைக்காரர் பிறர் செலவையும் சுமப்பார். குறைத்துக் காட்டினால், மீதி நீரை ஆற்றில் விட்டார் என்ற பழிக்கு ஆளாவார்.

அளவு தவறினால் உடனே மீட்டரை மாற்றவேண்டும் என்பது பலருடைய அபிப்பிராயம். நான் இதற்கு உடன்படேன். பெரும்பாலும் பிழை கருவியில் இல்லை. அது அமர்ந்த இடத்தில்தான் இருக்கிறது.

இவ்வகை மின்காந்த மீட்டர், 1831-ல் ஃபாரடே கண்ட விதியின்படி நீரின் வேகத்தை மட்டுமே அளக்கிறது. குழாய் முழுவதும் நீர் நிறைந்திருப்பதாகக் கொண்டே அது கணக்கிடும். குழாய் பாதியளவே நிறைந்திருந்தால், ஓடாத நீரும் ஓடியதாக எழுதப்படும். காற்றுக் குமிழிகளும் நீராகவே எண்ணப்படும். ஆதலால், நீர் கீழிருந்து மேலேறும் செங்குத்துக் குழாயில் மீட்டரை வைப்பது உத்தமம். வளைவுக்கோ வால்வுக்கோ அடுத்து வைத்தால் நீர் சுழன்று வரும். மீட்டருக்கு முன்னே குழாய் விட்டத்தைப் போல் 5 மடங்கு நீளமாவது நேர்க்குழாய் இருத்தல் வேண்டும். உட்புறத்து மின்முனைகளில் படிந்த கசடையும் உப்பையும் துடைத்தெடுக்க வேண்டும். நிலத்தொடர்புக் கம்பி அறுந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

பிறகு இரண்டு சோதனைகள். குழாயில் நீர் நிறைந்திருக்கும்போதே வால்வை இறுக மூடுங்கள். மீட்டர் பூஜ்யம் காட்டவேண்டும். வால்வு கசியாமலிருந்தும் எண் ஓடினால், மின்தொடர்பில் கோளாறு உண்டு. அடுத்து, 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில், வெளிவழியை அடைத்துவிட்டு, மீட்டர் வழியே நீரை விடுங்கள். நீர்மட்டம் 1 மீட்டர் உயர்ந்தால் 4,000 லிட்டர் வந்திருக்கிறது. மீட்டரும் அதையே சொல்லுகிறதா என்று ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்யாமல், திருத்த எண்ணை மாற்றிக் கணக்கை நேராக்குவது பெரும் தவறு. அது பிழையைப் போக்காது, மறைக்கும். தொட்டிச் சோதனையை மாதம் ஒருமுறை, பட்டறைக்காரர் ஒருவரும் ஆற்றங்கரை உழவர் ஒருவரும் உடனிருக்க நடத்தி, இருவரும் பதிவேட்டில் கையொப்பமிடல் வேண்டும் என்பது என் யோசனை. அதற்கு ஆகும் செலவு அரை நாள் உழைப்பே. கிடைப்பதோ ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை. கூட்டுறவுக்கு அதனினும் சிறந்த மூலதனம் வேறில்லை.