வசூல் மன்னருக்கு எதற்குத் தலைமை நாற்காலி?

தணிக்கை, சட்டம், ஆலோசனை என்று அறிவை விற்றுப் பிழைக்கும் நிறுவனங்களில் ஒரு நம்பிக்கை வேதவாக்காகவே நிலைத்துவிட்டது: அதிகக் கட்டணம் கொண்டுவரும் பார்ட்னரே அடுத்த தலைவர். நம் ஊர் ஆடிட்டர் அலுவலகங்களிலும் 'பெரிய கிளையன்ட் யார் கையில்?' என்பதுதான் கேள்வி. இதைவிட ஆபத்தான அளவுகோல் இந்தத் தொழிலில் இல்லை.

அமெரிக்கத் தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சனுக்கு 2000ஆம் ஆண்டில் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்திடமிருந்து மட்டும் 5.2 கோடி டாலர் வந்தது. அதில் பாதிக்கு மேல் தணிக்கைக்கே அல்ல, ஆலோசனை முதலான இதர பணிகளுக்கு. 2001 பிப்ரவரியில் ஆண்டர்சனின் மூத்தவர்கள் கூடி, என்ரானை வைத்துக்கொள்வதா விடுவதா என்று விவாதித்தார்கள். கணக்கில் இருந்த வில்லங்கம் அவர்களுக்குத் தெரியும். ஆண்டுக் கட்டணம் 10 கோடி டாலரைத் தொடலாம் என்பதும் தெரியும். வைத்துக்கொண்டார்கள்! அந்தக் கணக்குமுறைகளை எதிர்த்த கார்ல் பாஸ் என்ற தங்கள் சொந்த நிபுணரை, வாடிக்கையாளர் முகம் சுளித்ததும், என்ரான் விவகாரங்களிலிருந்து ஒதுக்கினார்கள். அந்த டிசம்பரில் என்ரான் திவால். விசாரணைக்கு இடையூறு செய்ததாக 2002 ஜூனில் ஆண்டர்சன் குற்றவாளி என்று தீர்ப்பு. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் சுமார் 85,000 பேர் வேலை பார்த்த நிறுவனம் அதற்குள் சிதறிப்போயிருந்தது.

இத்தனைக்கும், தொடக்க நாட்களில் ஒரு ரயில்வே நிறுவனம் கேட்டபடி கணக்கைத் திருத்த மறுத்து அந்த வாடிக்கையாளரையே இழந்தவர் நிறுவனர் ஆண்டர்சன் என்பார்கள்.

'வசூல் இல்லாவிட்டால் சம்பளம் எங்கிருந்து வரும்?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். வசூல் செய்பவருக்குப் பங்கை இரட்டிப்பாக்குங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் தலைவரின் வேலை வேறு. வருமானத்தில் முதலிடத்தில் இருக்கும் வாடிக்கையாளரிடம் 'முடியாது' என்பதும், அப்படிச் சொன்ன இளையவரைக் காப்பதும் அவர் பொறுப்பு. வாழ்நாளெல்லாம் 'ஆகட்டும் சார்' சொல்லியே உயர்ந்தவருக்கு நாற்காலி மாறியதும் நாக்கு மாறிவிடுமா?

இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டம் இந்த மனமாற்றத்தை நம்பவில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் ஒரு தணிக்கை நிறுவனம் தொடர்ந்து 10 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்கிறது. தணிக்கை செய்யும் இடத்தில் கணக்கெழுதும் வேலையும் மேலாண்மைப் பணியும் பார்க்கக் கூடாது என்கிறது.

அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடும் பார்ட்னர்களே, வசூல் பட்டியலைக் கொஞ்சம் மூடி வையுங்கள். எந்தப் பெரிய வாடிக்கையாளரை, எதற்காகக் கைவிட்டீர்கள் என்று வேட்பாளரைக் கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால் வேறொருவரைப் பாருங்கள்.